தற்செயலாக ஐஸ்கிரீம் குடிக்கப் போனோம்

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது எப்போதும் தற்செயலாகத்தான் நடக்கும். முன்பெல்லாம் கோயில் வீதியில் நடந்தது. இரண்டு குடும்பம் தேர்முட்டியடியில் தற்செயலாகச் சந்திக்கும், தற்செயலாகச் சுகம் விசாரிக்கும், பிடிக்காவிட்டால் தற்செயலாகவே பிரிந்து போகும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. கோயிலில் பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இப்போது கோயிலின் வேலையை ஐஸ்கிரீம் கடைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. இருக்கக் கதிரை உண்டு, வெக்கைக்குக் குளிரூட்டி உண்டு. சம்பந்தம் சரிவராமல் போனாலும் ஒரு ஐஸ்கிரீம் குடித்தது மிச்சம்.

நான் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் தியாகராசா. இப்போது பண்டத்தரிப்புச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறேன். சந்தியில் நின்றால் ஊர்க் கதை, புதினம் எல்லாம் தானாகவே வந்து ஏறும். அப்படி ஏறாத ஒரு புதினத்தை என் பக்கத்து வளவு வாகீசன் வந்து சொன்னான். சொன்னான் என்பதைவிட, நான் போய்ப் பிடுங்கினேன் என்பதுதான் சரி. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெங்காயம் கிளப்பி முடித்து, கொட்டிலுக்குள் அவனும் மனைவி பூரணமும் பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த தாளும் சிவப்புத் தோலும் முழங்கால் வரை கிடந்தன. நான் வெங்காயம் கேட்கத்தான் போனேன்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓட்டோ வேணும்" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"எங்கை?"

"உடுவில் பக்கம். உந்தப் புதுசாத் திறந்த ஐஸ்கிரீம் கடை இருக்கெல்லோ. பேர்கரும் விக்கினமாம்."

"வெங்காயம் நல்ல விலைபோலை. பேர்கர் தின்ன வெளிக்கிட்டிட்டாய்."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பிடியை இறுக்கிக் கட்டி மற்றதோடு போட்டான்.

"பிரசாந்திக்கு ஒரு இடம் வந்திருக்கு. கரவெட்டிப் பொடியன். பொடியன் எண்டாலும் நாப்பத்தஞ்சு வயது. வோட்டர் பம்ப் திருத்திற வேலை. மனுசி வருத்தம் வந்து தவறிப் போயிட்டா. பிள்ளையள் இல்லை. தமக்கையோடை வாறார்."

"அவள் ஓமெண்டிட்டாளோ?"

"ஒருக்காப் பாப்பம் எண்டவள். அதுவே எனக்குப் பெரிசு."

பிரசாந்தி அவனுடைய தங்கை. புருசன் ரயில் கடவையில் மோட்டார் சைக்கிளோடு அடிபட்டுப் போனபின், மகள் தர்மிகாவைக் கூட்டிக்கொண்டு தமையன் வளவுக்கு வந்தவள். வந்த கிழமையே இடியப்ப உரலைத் தூக்கியவள். கோழி கூவுமுன் அவள் குசினியில் வெளிச்சம் தெரியும். மாக் குழைத்து, பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து, பெட்டியில் அடுக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கடைகளுக்குப் போய்விடுவாள். தமையன் வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொன்னான். கேட்டால்தானே.

"அண்ணை, நீங்களும் உள்ளுக்கை வந்து இருக்கோணும்" என்றாள் பூரணம். "நாங்கள் ரெண்டு பேரும் பிரசாந்தியும் எண்டால் மூண்டு. நல்ல காரியத்துக்கு மூண்டு பேராப் போறதில்லை."

"ஏன், தர்மிகாவோடை நாலுதானே?"

வாகீசன் இன்னொரு பிடியை எடுத்தான். "பிள்ளை வரேல்லை. முதல் நாளே பிள்ளையைக் கொண்டுபோய் முன்னுக்கு இருத்தினால் ஆருக்குத்தான் மனசு வரும்? பக்கத்து வீட்டை நிக்கட்டும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தமையன்காரன் அவன், நான் ஓட்டோக்காரன். வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் விடிய இடியப்பம் வாங்கப் போனபோது பிரசாந்தியிடம் கேட்டேன். அவள் உரலை அமத்திக்கொண்டே சொன்னாள்.

"தரகர் அந்தாளின்ரை படம் கொண்டு வந்தவர் அண்ணை. மற்றவை அனுப்பிற படத்திலை எல்லாரும் கோட்டுச் சூட்டு. இந்தாளின்ரை படத்திலை நகத்துக்கை ஒயில் கறுப்பு. படத்துக்கு நிக்கிறதுக்கெண்டும் அதை மறைக்கேல்லை. எனக்கு அது பிடிச்சிருந்தது."

"பேந்தென்ன."

"பேந்தொண்டுமில்லை. இதோடை சரி எண்டு அண்ணையிட்டைச் சொல்லிப் போட்டன். இது சரிவராட்டில் இனி ஒருத்தரும் எனக்கு இடம் பாக்க வேண்டாம். கடையிலை சாமான் எடுத்துப் பாத்து வைக்கிறமாதிரி வைச்சிட்டுப் போறதை எத்தினை தரம் தாங்கிறது?"

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. இந்த இடம் சரிவர வேண்டுமென்று அன்று நான் உண்மையாகவே கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓட்டோவைக் கழுவித் துடைத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே சண்டை. தரகர் ஒரு கெட்டிக்காரன். இரண்டு பகுதியின் தொலைபேசி எண்ணையும் ஒருவருக்கொருவர் கொடுக்கமாட்டார். நேரே கதைத்துப் பழகிவிட்டால் பிறகு அவரை யார் தேடுவது? வாகீசனும் தன் பங்குக்குத் தங்கையின் படத்தைக் கொடுக்க மறுத்துவிட்டான். புருசனில்லாதவளின் படம் கைமாறித் திரியக்கூடாதாம். ஆகவே மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லி அனுப்பிய அடையாளம் ஒன்றே ஒன்றுதான். கத்தரிப்பூ நிறச் சேலை. அது பூரணத்தின் சேலை, ஒருமுறைதான் உடுத்தது. இப்போது பிரசாந்தி தன்னுடைய பச்சை நூல்சேலையோடு வாசலில் நின்றாள். கையைப் பிடித்தபடி தர்மிகா.

"அந்தச் சேலைக்கு என்ன குறை?" என்று பூரணம் கேட்டாள்.

"ஒரு குறையுமில்லை மச்சாள். அது உங்களுக்குத்தான் வடிவு. இரவல் சேலையிலை போயிருந்து என்னைப் பாருங்கோ எண்டு காட்ட எனக்கு ஏலாது."

"அந்த நிறத்தைத்தானே சொல்லி விட்டது. அவையள் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

"முகத்தைப் பாத்து."

"உன்ரை முகம் அவையளுக்குத் தெரியாதே" என்றான் வாகீசன்.

"படம் குடுக்காதது நீங்கள், அண்ணை."

வாகீசன் அந்தக் கதையை விட்டுவிட்டுப் பிள்ளையைக் காட்டினான். "இவள் எங்கை வெளிக்கிட்டு நிக்கிறாள்?"

"ஐஸ்கிரீம் குடிக்க" என்றாள் தர்மிகா. அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது அவ்வளவுதான்.

"பிள்ளையை வீட்டை விட்டிட்டு ஐஸ்கிரீம் குடிக்கப் போற தாயை எங்கையும் கண்டிருக்கிறியளோ?" என்று பிரசாந்தி கேட்டாள். "இவள் வராட்டில் நானும் வரேல்லை."

வாகீசன் தரகருக்கு மூன்று நான்கு தரம் அழைப்பு எடுத்தான். அவர் எடுக்கவில்லை. அன்றைக்குக் கீரிமலைக் கோயிலில் அவருக்கு இன்னொரு தற்செயல் இருந்ததாம். பிறகுதான் அறிந்தோம். சேலை மாறிய செய்தி போகாமலே நாங்கள் வெளிக்கிட்டோம்.

கடை ஊர்ச் சின்னக் கடைதான் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு நிரம்பி வழிந்தது. வாசலில் பிள்ளைகளுக்குச் சறுக்கி ஒன்று, அதைச் சுற்றிச் செருப்புகள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிரும் வனிலா வாசமும் வெங்காயம் பொரிகிற வாசமும் ஒன்றாய் முகத்தில் அடித்தன. ஒரு மேசையில் கனடாச் சனம், பெரியவரும் சின்னவரும் அரைக் காற்சட்டையோடு. இன்னொன்றில் கோயிலால் வந்த குடும்பம், நெற்றி நிறைய விபூதியோடு மரக்கறி பேர்கர். நடுவில் நான்கு மேசையை ஒன்றாய் இழுத்துப் போட்டு, பலூன் கட்டி, ஒரு பிறந்தநாள் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்து மேசைதான் எங்களுக்குக் கிடைத்தது. தர்மிகா சறுக்கியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தொப்பி போட்ட பெண்பிள்ளை ஒருத்தி வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"பேர்கருக்கை மாடு போடுறேல்லைத்தானே?" என்றாள் பூரணம்.

"இல்லை அன்ரி. கோழியும் மரக்கறியும்தான்."

"ஒரே தாச்சியிலையோ பொரிக்கிறியள்?"

"இல்லை அன்ரி, வேற வேற."

ஐஸ்கிரீம் வந்தது. நீளக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் ஜெலி, மேலே கஜு, ஒரு வேபர். வாகீசன் பேர்கரைப் பிரித்துப் பாணை வேறாகவும் இறைச்சியை வேறாகவும் வைத்துச் சாப்பிட்டான். "பாண் நல்ல பாண். ஒரு சம்பல் இருந்திருக்கோணும்" என்றான். வாய்தான் அங்கே, கண் கதவில். பிரசாந்தி ஒன்றும் தொடவில்லை. பிள்ளைக்கு ஊட்டுகிற சாட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊட்டுகிற வயதைப் பிள்ளை எப்போதோ தாண்டியிருந்தது.

கதவு திறந்தது. அறுபதைத் தொட்ட ஒரு பெண், மூக்குக்கண்ணாடி, பட்டுக்கரைச் சேலை, கையில் திராட்சைப்பழப் பை. பின்னால் வெள்ளைச் சேர்ட்டோடு, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒரு மனிதர்.

"உவர்தான்" என்றான் வாகீசன், வாயைத் திறக்காமலே. "மயூரதன். மற்றது தமக்கை, செல்வநாயகி."

செல்வநாயகி கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் மேசையையும் பார்த்தார். பச்சைச் சேலையைக் கடந்து கண் போனது. போன இடத்தில் நின்றது. பிறந்தநாள் மேசையில், தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்த இளம்பெண் உடுத்தியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை.

"ஐயோ" என்றாள் பூரணம் மெல்ல.

அவர்கள் நேரே அந்த மேசைக்குப் போனார்கள். செல்வநாயகி பழப்பையை நீட்டி, "நாங்கள் கரவெட்டியிலையிருந்து வாறம்" என்றார்.

அந்தப் பெரியவர், டானியல் என்பது அவர் பெயர், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "வாங்கோ, வாங்கோ. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தம். மருமகன் பகுதியிலை ஒருத்தரையும் காணேல்லை எண்டு இவ ஏங்கிப்போனா. இருங்கோ."

அவருடைய மருமகனின் ஆட்களும் கரவெட்டி இருக்கிற வடமராட்சிப் பக்கம்தான், அவர்களில் யாரோ என்று அவர் நினைத்தார். வாசலுக்குள் வரமுன்னமே மருமகன் முறை கொண்டாடுகிறார்களே, அவசரக்காரச் சனம் என்று செல்வநாயகி நினைத்தார். ஒருவராவது "நீங்கள் யார்" என்று கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எங்கள் சனம் கேட்காது. நல்ல உடுப்போடு, கையில் பழத்தோடு வந்த ஆளை முகத்துக்கு நேரே ஆரென்று கேட்பது மரியாதை இல்லை. இருத்தி, உபசரித்து, அவர் போனபிறகுதான் ஆரென்று யோசிப்போம்.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எல்லாம் நடந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"வாகீசன், நான் போய்ச் சொல்லிப் போட்டு வாறன்" என்று எழும்பினேன்.

அவன் என் கையைப் பிடித்து இருத்தினான். "இருங்கோ அண்ணை. நாங்கள் பொம்பிளைப் பகுதி. வலியப் போய் இஞ்சை இருக்கிறம் எண்டு கூப்பிடுறதோ? நாளைக்கு வாழப்போற இடத்திலை அதையே சொல்லிக் காட்டுவினம்."

"அங்கை ஒருத்தரின்ரை மனுசியைப் பொம்பிளை பாக்கினம். அதைவிடவோ உது வெக்கம்?"

"தரகர் எடுப்பார். பொறுங்கோ."

தரகர் எடுக்கவில்லை. அடுத்த மேசையில் செல்வநாயகி விசாரணையைத் தொடங்கியிருந்தார்.

"பிள்ளை, உதிலை உம்முடைய பிள்ளை எது?"

"இவன்தான் அன்ரி. இண்டைக்கு நாலு முடியுது" என்றாள் கத்தரிப்பூச் சேலைக்காரி.

"பொம்பிளைப் பிள்ளை எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை."

அவள் சிரித்தாள். "எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை அன்ரி. பிறந்த பிறகுதானே தெரிஞ்சது."

செல்வநாயகிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டினார். "சமையல் எல்லாம் நீர்தானோ?"

"ஓம் அன்ரி. அப்பாவுக்கு என்ரை கறிதான் வேணும்."

"நல்லது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூரணம் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பிரசாந்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. மயூரதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ பிள்ளை அவர் தலையில் மட்டைத் தொப்பி ஒன்றை வைத்துவிட்டிருந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்தார். பிறந்தநாள்காரன் பரிசாய் வந்த விளையாட்டுக் காரை ஓடவில்லை என்று தூக்கியெறிந்து அழுதான். அது உருண்டு அவர் காலடிக்கு வந்தது. அவர் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பொக்கற்றிலிருந்த திறப்புக்கோர்வையால் அடிமூடியைத் திறந்தார். சொக்கலேற் சுற்றிவந்த வெள்ளித்தாளில் ஒரு துண்டு கிழித்து மடித்து, பற்றரிக்கும் கம்பிக்கும் இடையில் செருகினார். பொடியன் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முழங்காலில் சாய்ந்து நின்று பார்த்தான். "கம்பி தொடேல்லை, அதுதான். இப்ப பிடிச்சுப் பார்" என்று, வளர்ந்த ஆளுக்குச் சொல்வதுபோல அவனுக்குச் சொன்னார். கார் ஓடியது.

"அம்மா, அந்த மாமா திருத்திப் போட்டார்" என்றாள் தர்மிகா.

"ஓம். கண்டன்" என்றாள் பிரசாந்தி.

கேக் வெட்டும் நேரம் வந்தது. டானியல் எழுந்து, "முதலிலை ஜெபம் பண்ணுவம்" என்றார். எல்லாரும் எழும்பித் தலை குனிந்தார்கள். செல்வநாயகியின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. "வேதக்காரரோ?" என்று தம்பியிடம் கிசுகிசுத்தது எங்களுக்கே கேட்டது. "தரகர் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே." ஆனாலும் சைவப் பழமாகிய அந்த மனுசி, சபையில் மரியாதை தவறாமல் எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டானியலின் ஜெபம் நிதானமாய்ப் போனது. பேரனுக்கு நன்றி சொன்னார், மகளுக்கு நன்றி சொன்னார், கேக் செய்த கைகளை ஆசீர்வதிக்கச் சொன்னார். பிறகு, "கட்டாரிலே வெயிலில் உழைக்கிற எங்கள் மருமகனை, இந்தப் பிள்ளையின் தகப்பனை, சுகபெலத்தோடு காத்து, வருகிற ஆவணியில் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தருளும்" என்றார்.

செல்வநாயகி தலையை நிமிர்த்தினார்.

ஆமென் சொல்லி முடிந்ததும் தம்பியின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். "எழும்பு. புருசன் உயிரோடை இருக்கிறவளை எங்களுக்குக் காட்டுறாங்கள். அந்தத் தரகனை நான் பேந்து பாக்கிறன்."

"பேர்கர் வரப்போகுது, இருங்கோ" என்று டானியல் பின்னாலேயே வந்தார்.

"இல்லை ஐயா. பஸ் போயிடும். வாறம்."

அவர்கள் வாசலை நோக்கி வந்தார்கள். எங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வாகீசனின் முகம் கறுத்துப் போயிருந்தது. கழுத்தில் வேர்வை. ஆனால் கதிரையை விட்டு அசையவில்லை. வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கள் ஊரில் எத்தனை பேரைக் கரைசேரவிடாமல் வைத்திருக்கிறது. நான் எழும்பத்தான் இருந்தேன். அதற்குமுன் பிரசாந்தி எழும்பிவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ."

செல்வநாயகி திரும்பினார்.

"நீங்கள் பாக்க வந்தது என்னை. நான்தான் பண்டத்தரிப்புப் பிரசாந்தி."

செல்வநாயகி அவளைப் பார்த்தார். அந்த மேசையைப் பார்த்தார். "கத்தரிப்பூச் சேலை எண்டு..."

"அது மச்சாளின்ரை சேலை. நான் உடுக்கேல்லை. பிழை எங்களிலைதான். இருங்கோ."

மயூரதன் அப்போதுதான் தலையில் கைவைத்துத் தொப்பியைக் கண்டுபிடித்தார். அதை எடுத்து மடித்து என்ன செய்வதென்று தெரியாமல் பொக்கற்றுக்குள் வைத்தார். தர்மிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்வநாயகி கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"நான் அந்தப் பிள்ளையிட்டைச் சமையல்கூடக் கேட்டுப் போட்டன்" என்றார்.

அவ்வளவுதான், பூரணத்துக்கு அடக்க முடியவில்லை. எல்லாரும் சிரித்தோம். டானியலுக்கும் விசயம் போய், அந்த மேசையே சிரித்தது. அவருடைய மகள் தட்டில் கேக் துண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, "பறவாயில்லை அன்ரி, கேக்குக்கு ஆக்கள் வந்தது சந்தோசம்" என்று வைத்துவிட்டுப் போனாள். வாகீசன் இன்னும் இரண்டு பேர்கருக்குச் சொன்னான். அவன் முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்திருந்தது. நான் நினைத்தேன், சரி, தப்பிவிட்டோம் என்று.

"இது ஆர்?" என்று செல்வநாயகி கேட்டார்.

"என்ரை மகள். தர்மிகா."

"ஓ, இவதானோ. தரகர் சொன்னவர். தமையன்காரர்தான் வைச்சு வளக்கிறாராம், கலியாணத்துக்குப் பிறகும் பிள்ளை அங்கைதானாம். அப்பிடியெண்டபடியால்தான் நானும் வந்தனான்."

தர்மிகாவின் கரண்டி கிண்ணத்துக்குள் நின்றது.

பிரசாந்தி தமையனைப் பார்த்தாள். வாகீசன் மேசையைப் பார்த்தான். பூரணம் எங்கேயும் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கியது.

"நீங்களோ சொன்னனீங்கள் அண்ணை?"

"பிள்ளை எங்களோடை நல்லாத்தானே இருக்கிறா" என்றான் வாகீசன். "எங்களுக்கும் பிள்ளையள் இல்லை. என்ரை உயிரைக் குடுத்து வளப்பன், அது உனக்குத் தெரியும். வந்த இடமெல்லாம் பிள்ளையைச் சொல்லித்தானே நிண்டு போச்சு. நான் பிழையா ஒண்டும் நினைக்கேல்லை."

"தெரியும் அண்ணை. உங்கடை மனசு எனக்குத் தெரியாதோ? ஆனா என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அவள் செல்வநாயகியின் பக்கம் திரும்பினாள். கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. படத்தில் பிடித்ததைவிட இப்போது கூடவே பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் கதைத்தாள்.

"அக்கா, நான் உள்ளதைச் சொல்லுறன். நான் எங்கை போனாலும் இவளும் வருவாள். அதுக்கு வேற கதை இல்லை. சரிவராது எண்டால் இப்பவே சொல்லுங்கோ, எனக்கு ஒருத்தரோடையும் கோவமில்லை. பேர்கர் வருகுது, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

செல்வநாயகி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கெட்ட மனுசி இல்லை, பார்க்கவே தெரிந்தது.

"நான் கூடாமச் சொல்லேல்லைப் பிள்ளை. தம்பி கனக்கக் கஷ்டப்பட்டிட்டான். மனுசியை எத்தினை நாள் ஆசுப்பத்திரியிலை வைச்சுப் பாத்தவன். இனியாவது ஒரு பாரமும் இல்லாம இருக்கட்டும் எண்டுதான்..."

"அக்கா."

மயூரதன் அன்று எங்கள் மேசையில் சொன்ன முதல் சொல் அது. தமக்கை திரும்பிப் பார்த்தார்.

"நீ கலியாணம் முடிச்சு அத்தான் வீட்டை போகேக்கை எனக்கு என்ன வயது?"

"அதுக்கென்ன இப்ப?"

"சொல்லன்."

"ஏழோ எட்டோ. அம்மா செத்து ஒரு வருசமும் இல்லை."

"என்னைச் சித்தப்பா வீட்டிலை விட்டிட்டுப் போகச் சொல்லி எல்லாரும் சொன்னவை எண்டு நீதானே சொல்லுறனீ. விட்டனீயோ?"

செல்வநாயகி மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அத்தானின்ரை சைக்கிள் பாரிலை நான், கரியரிலை நீ. அப்பிடித்தானே கரவெட்டிக்கு வந்தனாங்கள். அத்தான் ஒரு நாள் எண்டாலும் என்னைப் பாரம் எண்டவரோ?"

"அந்த மனுசன் அப்பிடிச் சொல்லுமோ" என்றார் செல்வநாயகி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தும் துடைத்தும் அது போடுகிற நிலைக்கு வரவில்லை.

பேர்கர் வந்தது. தொப்பிப் பிள்ளை வைத்துவிட்டுப் போனாள். யாரும் கை நீட்டவில்லை. வாகீசன் அந்த மனிதரைப் பார்த்தபடி இருந்தான். பூரணம் அழுவதை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். தர்மிகா தாயின் பக்கம் நகர்ந்து, அவள் கையை மேசைக்குக் கீழே தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. நாங்கள் யோசிச்சு முடிவைத் தரகரிட்டைச் சொல்லி விடுறம்" என்று செல்வநாயகி பழக்கதோசத்தில் தொடங்கினார்.

"இல்லை அக்கா" என்றாள் பிரசாந்தி. "நீங்கள் என்னைப் பாத்திட்டியள். நானும் பாத்துத்தான் சொல்லுவன். வாற ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் கரவெட்டிக்கு வாறம். வீட்டைப் பாக்கோணும். அவளும் பாக்கோணும். அவளுக்கும் பிடிச்சால்தான் நான் ஓமெண்டுவன்."

வாகீசன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். பொம்பிளைப் பகுதி போய் மாப்பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்வதாக அவன் கேள்விப்பட்டதே இல்லை. நானும் கேள்விப்பட்டதில்லை. மயூரதன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அதைத் தமக்கைக்குத் தெரியாமல் மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

செல்வநாயகி ஒருவழியாய்க் கண்ணாடியைப் போட்டார். அதற்கூடாகப் பிரசாந்தியை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துப் பார்த்து, பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"வாறதெண்டால் வெள்ளனவே வாங்கோ. மத்தியானம் சாப்பிட்டிட்டுத்தான் போகலாம்" என்றார். "பிள்ளைக்கு என்ன விருப்பம்?"

இவ்வளவு நேரமும் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்த பிரசாந்தி முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"கணவாய்க் கறி" என்றாள் தர்மிகா.

"கேட்டனீயோ?" என்றார் செல்வநாயகி தம்பியிடம். "ஞாயிறு விடியவே பருத்தித்துறைச் சந்தைக்குப் போ. சின்னக் கணவாயாப் பாத்து வாங்கு. பெரிசைப் பிள்ளைக்குச் சப்ப ஏலாது."